அம்மாவுக்கு, ஜெர்மனி ஃப்ரைபர்க்ல இருந்து

அம்மா, இயேசுவுக்கே புகழ். நல்லா இருக்கேன், குளிருதான் ஒத்துக்கல, சாயங்காலம் நாலரைக்கே இருட்டிருது. மீன் கிடைக்குது, எல்லாம் ஐஸ் மீனு, சாளைக்கு ஏங்கிப்போய் கிடக்கேன்.

என் வார்டுல ஒரு பாட்டி இருக்காங்கம்மா, திராட்சைத் தோட்டக்காரங்க. இடிந்தகரைன்னு சொன்னேன், தெரியல, கூடங்குளம் அணு உலை பக்கம்னதும் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. இங்க பக்கத்துல ரைன் ஆத்தங்கரைல வீல்னு ஒரு ஊரு, அங்க உலை கட்ட 1975 பிப்ரவரில வேலைய ஆரம்பிச்சப்ப ஊர்ப் பொம்பளைங்கதான் போய் மிஷின் முன்னாடி நின்னிருக்காங்க, ரெண்டே நாள்ல போலீஸ் வந்து அந்தக் குளிர்லயும் தண்ணியப் பீச்சி அடிச்சு இழுத்துப் போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை 28,000 பேர் திரண்டு வந்து வேலியத் தாண்டி திரும்ப உள்ள போய் மாசக்கணக்கா அங்கயே இருந்திருக்காங்க. உலை வரவே இல்லம்மா! அது வரலைன்னா இந்த மாநிலத்துல விளக்கெல்லாம் அணைய ஆரம்பிச்சிரும்னு அப்ப இங்க முதலமைச்சரா இருந்த ஃபில்பிங்கர் சொன்னாராம், எனக்கு 2012 கரண்ட் கட்டுதான் ஞாபகம் வந்துச்சு, நம்மகிட்டயும் அதே பேச்சுதான பேசுனாங்க.

நான் 2012 செப்டம்பர் 10 உலை முற்றுகைப் போராட்டம் பத்தி சொன்னேன், கண்ணீர்ப்புகைக்குத் தப்பிக்க நீங்கல்லாம் கடல்ல இறங்குனது, அன்னைக்கே மணப்பாட்டுல மீனவர் அந்தோணி ஜான போலீஸ் சுட்டுக் கொன்னது, சித்திய திருச்சி ஜெயில்ல வச்சது. பாட்டி அழுதுட்டாங்க. அதுக்கப்புறமாவது விட்டாங்களான்னு கேட்டாங்க. எங்கம்மா விட்டாங்க? லூர்து மாதா கோயில் பந்தல்ல உண்ணாவிரதம் இருந்த பொம்பளைங்க மேல தேசத்துரோகம், 6,000 பேருக்கு மேல அந்த கேஸு, எஃப்ஐஆர்ல கொஞ்சம் பேர எழுதிட்டு மிச்சத்துக்கு 'மற்றும் பலர்'னு போட்டா யாரை வேணா சேத்துக்கலாம்ல. கேஸ வாபஸ் வாங்கப் பாருங்கன்னு 2013ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியும் தம்பிக்கு பாஸ்போர்ட் வர எத்தன வருஷம் ஆச்சு, கடலுக்குப் போற பையன் ஒரு கப்பல் வேலைக்குக்கூட போக முடியல. அடியவிட எனக்கு இதுதான்மா ஆத்திரம், வெளிய யார் கண்ணுக்கும் தெரியாம வருஷக்கணக்கா ஒரு ஊரையே கட்டிப்போட்டது.

இங்க 2023 ஏப்ரல்ல கடைசி 3 உலையையும் மூடிட்டாங்க, நம்ம கூடங்குளத்துல 2 ஓடுறது பத்தாதுன்னு இன்னும் 4 கட்டுறாங்க.

பாட்டி சொல்றாங்க, அவங்க அந்தக் கால நோட்டீஸ், போட்டோ எல்லாம் பத்திரமா சேத்து வச்சிருக்காங்களாம். நீயும் அந்த சம்மன், கோர்ட் பேப்பர் எதையும் தூரப் போட்றாத. சித்தியையும் மத்தவங்களையும் உக்காரவச்சு தம்பிய ஃபோன்ல ரெக்கார்டு பண்ணச் சொல்லு, ஜெயில்ல நடந்தது எல்லாத்தையும், ஒண்ணு விடாம. செலவுக்கு அடுத்த வாரம் பணம் போடுறேன்.

உன் மக