பேடியின் பெயரில் ஒரு சுழற்பந்து வலை: உங்கள் உதவி தேவை

அன்புடையீர்,

நார்தாம்ப்டனில் நம் பிள்ளைகள் வார இறுதியில் ஆடும் மைதானத்தில், சுழற்பந்து பழக மட்டும் ஒரு தனி வலை அமைக்க நம் குடும்பங்கள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். 2023 அக்டோபரில் மறைந்த இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் பிஷன் சிங் பேடியின் பெயரைத்தான் அதற்கு வைக்கிறோம்.

அமிர்தசரஸில் பிறந்தவருக்கு இங்கே என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 1972 முதல் 1977 வரை இதே ஊரின் வான்டேஜ் ரோடு மைதானத்தில் நார்தாம்ப்டன்ஷையர் கவுண்டி அணிக்கு ஆடியவர் அவர். அந்த அணிக்காக மட்டும் 434 விக்கெட் எடுத்தார். அதே காலத்தில் நம்ம சென்னைச் சுழற்பந்து வீச்சாளர் வெங்கட்ராகவன் டெர்பிஷையர் கவுண்டி அணியில் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

பேடியைச் சேப்பாக்கத்தில் பார்த்த பெரியவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். தலையில் வண்ணப் பட்கா (சீக்கியர் கட்டும் துணி), அவசரமே இல்லாத சில எட்டுகள், காதை ஒட்டி உயரும் இடது கை. பந்து மேலே மிதந்து வரும். அடித்துவிடலாம் என்று பேட்ஸ்மேன் இறங்கி வருவார், பந்து அவர் நினைத்த இடத்துக்கு முன்பே விழுந்து திரும்பிவிடும். யாராவது சிக்ஸர் அடித்தால் பேடியே கைதட்டிப் பாராட்டுவார்.

இங்கிலாந்து கவுண்டி அணிகள் மோதிய ஒருநாள் போட்டித் தொடரான ஜில்லெட் கோப்பையின் 1976 இறுதிப் போட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. லார்ட்ஸில் லங்காஷையர் பேட் செய்தபோது அவர்களுக்கு எதிராகக் கடைசி ஓவரை வீசியவர் பேடி. லங்காஷையரின் டேவிட் ஹியூஸ் அந்த ஒரே ஓவரில் 26 ரன் விளாசினார். அப்புறமும் நார்தாம்ப்டன்ஷையர் 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. நார்தாம்ப்டன்ஷையரின் வரலாற்றில் அதுதான் முதல் கோப்பை. அன்றைய கேப்டன் பாகிஸ்தானின் முஷ்டாக் முகமது, வேகப்பந்துக்கு அதே நாட்டின் சர்ஃப்ராஸ் நவாஸ். 1971 இந்திய-பாகிஸ்தான் போர் முடிந்த மறு ஆண்டே பேடி, முஷ்டாக் இருந்த அணிக்கு வந்து சேர்ந்தவர். நம் பிள்ளைகளின் அணியிலும் பல நாட்டுக் குழந்தைகள் ஆடுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிய வேண்டும்.

இன்று சிறுவர் ஆட்டங்களில் மெதுவாக வீசும் பிள்ளை ஒரு ஓவரில் அடி வாங்கினால், அடுத்த ஓவர் கிடைப்பதில்லை. சில மாதங்களில் அந்தப் பிள்ளையும் வேகமாக வீசப் போய்விடுகிறது. பொறுமையாகப் பழக ஓர் இடமும், விரல் பிடித்துச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளரும் வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

வலை, தரைவிரிப்பு, பந்துகள், ஒரு கோடைக்காலத்துக்கான பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து 4,000 பவுண்டு தேவை. ஐந்து பவுண்டும் பெரிய உதவிதான். பணமாகத் தர முடியாதவர்கள் வலை கட்டும் நாளில் வந்து கை கொடுங்கள். பெண் பிள்ளைகளையும் அவசியம் சேர்த்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

நன்கொடையை வார இறுதிப் பயிற்சியின்போது பொருளாளரிடம் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் மைதான அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். ஏப்ரலில் பயிற்சி தொடங்க வேண்டும், அதனால் மார்ச் முடிவதற்குள் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வலைப்பயிற்சிக் குழுவினர்