அடுத்த பாகத்தில் சரியாகிவிடும்

மதுரை
28.12.2024

அன்புள்ள மணி,

இங்கு அனைவரும் நலம். மார்கழிப் பனியில் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி கூடியிருக்கிறது. பதில் போடாத என்னை நீ திட்டி எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், நன்றாகத்தான் திட்டுகிறாய்.

இப்போது அவசரமாக எழுதக் காரணம் நம் நண்பன் ‘ரெண்டாம் பாதி’. அவன் சினிமா பார்ப்பதையே விட்டுவிட்டான். கல்லூரி நாட்களில் நாம் எழுந்து போகலாம் என்று துடித்த படங்களுக்கெல்லாம், “பொறு, ரெண்டாம் பாதியில் எடுத்துவிடுவான்” என்று நம் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தவன், ‘கங்குவா’ இடைவேளையில் எனக்கு ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, தன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அதன் பிறகு எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்கிறான். அவனுக்கு என்ன வேலை இருக்கிறது என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தயாரிப்பாளர் 2000 கோடி வசூல் என்று பேட்டி கொடுத்த படம் அது. 1070ஆம் ஆண்டுக்கும் 2024க்கும் இடையே போய் வரும் கதை, சூர்யாவின் உழைப்பு, கப்பலும் காடும் முதலையும் என்று எல்லாமே இருந்தன. ஆனால் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்ததில், யார் யாருக்காக உயிரை விடுகிறார்கள் என்பது காதில் விழவே இல்லை. மறுநாளே சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி தயாரிப்பாளர் தரப்பு திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. எனக்குப் பழக்கமான ஆபரேட்டர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் புரொஜக்டர் அறையில் இருந்த ஒலிக்கருவியைக் காட்டி, “சார், முதல் காட்சி பாதியிலேயே நான் குறைத்துவிட்டேன், குறைத்தால் வசனம் கேட்கவில்லை, கூட்டினால் காது கேட்கவில்லை, இதில் நான் எந்த எண்ணில் வைப்பது?” என்றார். முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தமும் அதிகம் என்று ஜோதிகாவே ஒப்புக்கொண்டு எழுதினார். பிறகு 12 நிமிடத்தை வெட்டினார்கள். ஜூலையில் ‘இந்தியன் 2’ வெளியான சில நாட்களில் அதிலும் ஏறத்தாழ 12 நிமிடத்தைத்தான் வெட்டியிருந்தார்கள். நோய் எதுவானாலும் மருந்து ஒரே அளவுதான் போலிருக்கிறது.

இந்த ஆண்டு வந்த மோசமான படங்களைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, மணி. மோசமான படங்கள் எல்லா ஆண்டும் வரும். நாமும் அவற்றைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். என் ஆத்திரமெல்லாம் நம்மிடம் முழு டிக்கெட் காசை வாங்கிக்கொண்டு, கதையை அடுத்த பாகத்துக்கு ஒத்திவைக்கும் படங்களின் மேல்தான். ‘இந்தியன் 2’ முடியும்போது ‘இந்தியன் 3’க்கான முன்னோட்டம் ஓடுகிறது. ‘கங்குவா’ முடியும்போது கார்த்தி வந்து அடுத்த பாகத்துக்கு வில்லனாக நிற்கிறார். ‘கோட்’ படத்தில் இன்னும் வேடிக்கை: இன்னும் ஒரு படத்தோடு நடிப்பை விட்டு முழுநேர அரசியலுக்குப் போகிறேன் என்று விஜய் பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார், செப்டம்பரில் வந்த படமோ, அவரை வைத்தே அடுத்த பாகம் உண்டு என்று சொல்லி முடிகிறது. யார் நடிக்கப் போகிறார்கள் என்று என் மகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. நம்மவன் இத்தனை காலம் இடைவேளையில் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது படமே கடைசிக் காட்சியில் சொல்ல ஆரம்பித்துவிட்டதால்தான் அவனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

‘லால் சலாம்’ பற்றி நீ கேட்டிருந்தாய். எடுத்த காட்சிகளில் ஒரு பகுதி தொலைந்து போனதாக இயக்குநரே சொன்ன பிறகு அதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? விட்டுவிடு.

‘இந்தியன் 2’ பற்றிச் சொல்லாமல் என்னால் விட முடியாது. 1996 மே மாதத்தில் முதல் படத்தை நாம் பார்த்தபோது ஏன் கொதித்தோம் என்று நினைத்துப் பார். தீக்காயம் பட்ட மகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மருத்துவமனைக்கு ஓடுகிறார். லஞ்சம் கொடுத்தால்தான் மருத்துவர் தொடுவார் என்ற நிலை. கொடுக்க மறுக்கும் அந்தத் தகப்பனின் கண் முன்னாலேயே பெண் இறந்து போகிறாள். காசு வாங்கிக்கொண்டு பழுதான பேருந்துக்குத் தகுதிச் சான்று கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணமாகிறவன் அந்தத் தகப்பனின் சொந்த மகன். மகனைத் தந்தையே குத்திக் கொல்ல வேண்டியிருக்கிறது. நாம் நின்று பழகிய அதே ஜன்னல்கள், அதே மேஜைகள், மேஜைக்கு அடியில் நீளும் அதே கைகள். வசனம் சுஜாதா. உன் அப்பா ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மூன்று மாதம் அலைந்த கதையை அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதைச் சொல்ல வைத்தது அந்தப் படம்தான்.

புதிய படத்தில் அந்தத் தகப்பன், கமல் நடிக்கும் சேனாபதி, தைவானில் இருக்கிறார். நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டியவர் ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். லஞ்சம் வாங்குகிறவர்களோ தங்கம் இழைத்த மாளிகைகளில் வாழும் கோடீஸ்வரர்கள். நம் தாலுகா ஆபீஸில் யாருக்கும் அப்படி ஒரு மாளிகை கிடையாது. அவர்களைத் தண்டிப்பதைப் பார்க்கும்போது எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. வயதையும் வண்டியையும்கூட நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது வேறு. அந்தப் படத்துக்குள்ளேயே ஓர் அருமையான கதை கிடக்கிறது. ஊழலுக்கு எதிராகக் காணொளி போடும் ஓர் இளைஞன்; அவனுடைய தந்தை லஞ்ச ஒழிப்புத் துறையிலேயே இருந்துகொண்டு லஞ்சம் வாங்குகிறார்; முதலில் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று சேனாபதி சொன்னதைக் கேட்டுத் தந்தையை அவனே பிடித்துக் கொடுக்கிறான்; அந்த அவமானத்தில் தாய் உயிரை விடுகிறாள்; ஊரே சேனாபதிக்கு எதிராகத் திரும்புகிறது. முதல் படத்தில் தந்தை மகனைத் தண்டித்தார். இதில் மகன் தந்தையைத் தண்டிக்கிறான். இதைவிட ஒரு இயக்குநருக்கு என்ன வேண்டும்? மகனாக வரும் சித்தார்த்தும் தந்தையாக வரும் சமுத்திரக்கனியும் எதிரெதிரே அமர்ந்து பேசிக்கொள்ளும் ஒரே ஒரு நீண்ட காட்சி இருந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் நான் மறந்திருப்பேன். அந்த வீட்டுக்குள் போய் உட்கார நேரமில்லாமல் மூன்று மணி நேரப் படம் அடுத்த தண்டனைக்கு ஓடிவிடுகிறது. ஒரே படமாக எடுக்கத் தொடங்கியதை, வெட்ட மனமில்லாமல் இரண்டாக்கிவிட்டார்கள். வெட்ட வேண்டியதெல்லாம் நமக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவு கேலி செய்துவிட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 பிப்ரவரி 19 அன்று இந்தப் படத்தின் படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்துப் போனார்கள். அதில் நடித்த விவேக் 2021 ஏப்ரலில் போனார், நெடுமுடி வேணு அதே ஆண்டு அக்டோபரில் போனார். விவேக் திரையில் வந்தபோது அரங்கத்தில் விசில் எழுந்தது. பிறகு அவர் இருக்கும் காட்சிகளில் யாரும் அதிகம் சிரிக்கவில்லை, சிரிக்க முடியவில்லை. ‘கங்குவா’வுக்கும் அப்படித்தான்: அதன் படத்தொகுப்பாளர் நிஷாத் யூசுப் படம் வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பு இறந்து போனார். முதல் காட்சி முடிவதற்குள் வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடிகரின் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதற்குத் தயாரிப்பாளர் சங்கம் கண்ட வழி என்ன தெரியுமா? திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விட்டு ரசிகர்களிடம் கருத்துக் கேட்க அனுமதிக்கக் கூடாது என்று நவம்பரில் அறிக்கை விட்டார்கள். இதே சேனல்கள் முதல் காட்சி முடிந்து “தெறி, மாஸ்” என்று சொல்ல வைத்தபோது யாரும் கேட்டைச் சாத்தவில்லை. ஜூன் 14 அன்று ‘மகாராஜா’ வந்தபோது அதே வாசலில் அதே மைக்குகள்தானே நின்றன? அந்தப் படத்தை யாரும் கொல்லவில்லை. அது சீனா வரைக்கும் போய் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘லப்பர் பந்து’ பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைப் பார். ஒரு மாமனார், ஒரு மருமகன் ஆகப் போகிறவன், நடுவில் ஒரு ரப்பர் பந்து; இரண்டு பேரின் வீம்பையும் வைத்தே படம் நிற்கிறது. யாரைத் திருத்த வேண்டுமோ அவரைத் திருத்தி, யாரைச் சேர்க்க வேண்டுமோ அவரைச் சேர்த்து, ஜெயிக்க வேண்டியதை ஜெயித்து, முடிந்து போகிறது, வீட்டுக்குப் போகலாம். மாமனாராக வரும் தினேஷ் மட்டையைத் தூக்கும்போது கேப்டன் விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலித்தால் நம் ஊரில் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். இன்றோடு கேப்டன் போய் ஓராண்டு ஆகிறது. காலையில் தெருமுனையில் படம் வைத்து மாலை போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23 அன்று ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் வந்தன. பின்னணி இசையே இல்லாத இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு ஆபரேட்டர் என்னிடம், “இந்தப் படத்துக்கு எனக்குச் சம்பளம் சும்மா, சார்” என்றார். அதன் முடிவு பாதியில் நிற்பதாக மூர்த்தி வாத்தியார் சண்டைக்கு வந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார் இயக்குநர். அதற்கு இன்னொரு டிக்கெட் எடுக்கச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வந்தால் நான்கு நாளாவது இரு. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அஜித்தின் ‘விடாமுயற்சி’ பொங்கலுக்கு என்று டீசரிலேயே போட்டிருக்கிறார்கள். ‘இந்தியன் 2’ எடுத்த ஷங்கரின் ‘கேம் சேஞ்சர்’ தமிழிலும் ஜனவரி 10 அன்று வருகிறது. இவ்வளவு எழுதிய பிறகும் ஷங்கர் படத்துக்குப் போவாயா என்று நீ கேட்பாய். போவேன். எதற்கு டிக்கெட் எடுக்கட்டும் என்று உடனே எழுது. இரண்டுக்கும் என்றால் ஒன்றுக்கு நீதான் காசு கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்