பிசிக்ஸ் கணக்கை சேர்ந்து போட்டா காப்பியா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

என் பொண்ணு ஸ்டேட் போர்டுல ப்ளஸ் ஒன் படிக்கிறா, பயோ மேத்ஸ் குரூப். போன வாரம் அவ கிளாஸ்ல பிசிக்ஸ் ஹோம்வொர்க் நோட்டை திருத்தும்போது நாலஞ்சு பேரோட ஸ்டெப்ஸ் ஒரே மாதிரி இருந்துச்சாம், உடனே அத்தனை பேருக்கும் மார்க் கிடையாதுன்னு சொல்லிட்டு, இனிமே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, வீட்ல தனியாத்தான் போடணும்னு எழுதி பேரன்ட்ஸ் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. டீச்சர்கிட்ட நேர்லயே பேசத்தான் போறேன். ஆனா இது ஒரு ஸ்கூல் விஷயம் மட்டும் இல்ல, தெரிஞ்சவங்க வீட்ல எல்லாம் இதே கதைதான், அதனாலதான் உங்களுக்கு எழுதறேன்.

நானும் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவதான். பத்தாவது வரைக்கும் பிசிக்ஸ் கணக்குன்னா ஃபார்முலாவுல நம்பரைப் போட்டா விடை வந்துடும். ப்ளஸ் ஒன்ல அப்படி இல்ல. ரெண்டாவது யூனிட்லயே வெக்டார், டிஃபரன்சியேஷன் எல்லாம் வந்துடுது, ஆனா மேத்ஸ் புக்ல அது ரெண்டும் இருக்கறது வால்யூம் டூவுல. மேத்ஸ் டீச்சர் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பிசிக்ஸ்ல மூணாவது யூனிட், அதான் இயக்க விதிகள் (லாஸ் ஆஃப் மோஷன்), அதுவே முடிஞ்சிருக்கும். இந்த இடைவெளியில மாட்டிக்கிட்டு நல்லா படிக்கிற பசங்களே முழிக்குதுங்க. டியூஷன் போறவங்களுக்கு அங்க யாராவது சொல்லிக்கொடுக்கறாங்க, போக வசதி இல்லாத பிள்ளைங்க யார்கிட்ட போய் கேட்கும், பக்கத்து பெஞ்ச் பிள்ளைகிட்டதானே?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் பொண்ணும் அவ ஃப்ரண்ட்ஸும் எங்க வீட்ல உட்கார்ந்து கணக்கு போடுவாங்க. சமையல்கட்டுல இருந்தே எனக்கு எல்லாம் கேட்கும். ஒரு லிஃப்ட் கணக்கு, லிஃப்ட்ல 50 கிலோ ஆள் நிக்கறார், லிஃப்ட் 2 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் முடுக்கத்தோட மேல போகுது, தரை அவரை எவ்வளவு விசையோட தள்ளுது? ஒரு பொண்ணு ஃப்ரீ பாடி டயகிராம்ல, அதாவது ஆள் மேல என்னென்ன விசை இருக்குன்னு காட்டற படத்துல, மூணு அம்புக்குறி போட்டுச்சு, கீழ எம்ஜி (ஆளோட எடை), மேல 'என்' (தரை தள்ற விசை), அதோட மேல இன்னொரு எம்ஏ (நிறை இன்ட்டு முடுக்கம்). மூணையும் பேலன்ஸ் பண்ணா 390 நியூட்டன்னு வருது. புக்ல 590. வேற யாராவதா இருந்தா "ப்ளஸ் போடணும்டி, மைனஸ் போட்டுட்ட"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. கூட இருந்த பிள்ளை கேட்டது வேற. "எம்ஜியை பூமி குடுக்குது, என்-ஐ தரை குடுக்குது, இந்த எம்ஏவை யாரு குடுக்கறா?" அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் தானே ரப்பரை எடுத்து அந்த மூணாவது அம்பை அழிச்சுச்சு. 'என்'-ல இருந்து எம்ஜியைக் கழிச்சா அதுதான் எம்ஏ, அப்போ 'என்' 50 இன்ட்டு 11.8 (புவியீர்ப்பு முடுக்கம் 9.8, லிஃப்ட்டோட 2), 590 வந்துடுச்சு. அதோட விடல அவங்க, லிஃப்ட் மேல கிளம்பும்போது கால் அழுந்துமா லேசாகுமான்னு ஒருத்தி கேட்க, அழுந்தும்தான், சும்மா நிக்கும்போதே 490, அப்போ மேல போகும்போது 390 எப்படி வரும், அது கீழ அதே முடுக்கத்துல இறங்கும்போது வர்ற விடைன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. எம்ஏ ஒரு தனி விசை இல்ல, மத்த விசைகளோட கூட்டுத்தொகைதான் எம்ஏ, இதுதான் அந்தப் பாடத்தோட உயிரே. கைடைப் பார்த்து எழுதியிருந்தா அந்தப் பொண்ணுக்கு இது பிடிபட்டிருக்குமா?

இப்படித்தான் சரிவுப் பலகை கணக்குல பெட்டியைச் சரிவுல கீழ இழுக்கற விசைக்கு சைன் போடணுமா காஸ் போடணுமான்னு ஒரு சண்டை வந்துச்சு, பலகையைப் படுக்கப் போட்டா சரிவுக் கோணம் தீட்டா ஜீரோ, காஸ் ஜீரோ ஒண்ணு, அப்போ சமதரையில வச்ச பெட்டி தானா ஓடணுமே ஓடுதான்னு ஒரு பிள்ளை கேட்டதும் சண்டை முடிஞ்சுடுச்சு. இதுக்கப்புறம் அந்த நாலு நோட்டுலயும் ஸ்டெப்ஸ் ஒரே மாதிரிதானே சார் இருக்கும்? நியூட்டன் விதியை வேற எப்படி எழுதறது?

காப்பியே நடக்கலைன்னு நான் சொல்ல வரல. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல யாராவது நோட்டை போட்டோ எடுத்துப் போட, கிளாஸ் முழுக்க அப்படியே இறக்கி எழுதிட்டு வர்றதும் நடக்குது, அதைக் கண்டிக்கத்தான் வேணும். ஆனா ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. போர்டுக்குக் கூப்பிட்டு லிஃப்ட் கீழ போனா என்ன ஆகும், கயிறு அறுந்துபோனா என்ன ஆகும்னு கேட்டாலே போதும். கயிறு அறுந்தா தரை தள்ற விசை ஜீரோன்னு காரணத்தோட சொல்ற பிள்ளை காப்பி அடிக்கல. கிளாஸ்ல அம்பது பேர் இருந்தா எல்லாரையும் கேட்க முடியாது, அது டீச்சர்ங்களோட கஷ்டம், எனக்கும் புரியுது, ஆனா நாளுக்கு ரெண்டு பேரைக் கேட்கலாமே.

இது ஏதோ நான் ஆசைக்குச் சொல்றது இல்ல. அமெரிக்காவுல ஹார்வர்ட்ல எரிக் மஸூர்னு ஒரு பிசிக்ஸ் பேராசிரியர், தன்கிட்ட படிக்கிறவங்க கஷ்டமான சர்க்யூட் கணக்கெல்லாம் போட்டுடறாங்க ஆனா அதே சர்க்யூட்ல எந்த பல்பு பிரகாசமா எரியும்ங்கற மாதிரி சாதாரண கேள்விக்குத் தடுமாறறாங்கன்னு கவனிச்சார். 1991லேருந்து கிளாஸ் நடத்தற முறையையே மாத்திட்டார். நடுவுல ஒரு கேள்வி கேட்பார், முதல்ல ஒவ்வொருத்தரும் தனியா யோசிச்சு ஒரு பதிலைச் சொல்லிடணும், அப்புறம் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசி தன் பதில் ஏன் சரின்னு புரியவைக்கணும். இப்பதான் புரிஞ்சுக்கிட்ட பிள்ளைக்கு எங்க சிக்கிச்சுன்னு இன்னும் ஞாபகம் இருக்கும், இருபது வருஷமா அதே பாடம் எடுக்கறவங்களுக்கு அது மறந்தே போயிருக்கும்ங்கறது அவர் சொல்ற காரணம். இன்னிக்கு எத்தனையோ நாட்டு காலேஜ்ல இந்த முறை இருக்கு.

2025-26லேருந்து ப்ளஸ் ஒன்னுக்கு பப்ளிக் எக்ஸாம் இல்லைன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. அதை சாக்கா வச்சு ப்ளஸ் டூ பாடத்தை இப்பவே ஆரம்பிச்சுடாம, வாரத்துல ரெண்டு நாள் கடைசி பீரியடை பிசிக்ஸ் கணக்குக்குன்னு ஒதுக்கினா என்ன? மூணு நாலு பேரா உட்காரட்டும், டீச்சர் சுத்தி வந்து பார்க்கட்டும். உதவி கேட்கறதுக்கு முன்னாடி படம் வரைஞ்சு எது வரைக்கும் வந்தேன்னு காட்டணும், சொல்லிக்கொடுக்கறவங்க விடையைச் சொல்லாம கேள்வி கேட்கணும், நோட்டுல கடைசியா யார் உதவினாங்கன்னு பேர் எழுதணும். பேர் எழுதினதுக்காக மார்க்கைக் குறைக்கக் கூடாது, இது ரொம்ப முக்கியம். கல்வித்துறை அதிகாரிங்க இதைப் படிச்சா, அடுத்த டைம்டேபிள் போடும்போதாவது ஸ்கூல்களுக்கு ஒரு சர்க்குலர் அனுப்பணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு ப்ளஸ் ஒன் மாணவியின் அம்மா,
கும்பகோணம்