அடிக்கணக்கில் விற்கும் பித்தளை ராடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது வீட்டுக்குப் பித்தளை ஸ்கிரீன் ராடு வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "அடி என்ன விலை?" பித்தளையைப் பொறுத்தவரை இது பாதிக் கேள்விதான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அளவுக்கு வெட்டித் தரும் கடைகள் எந்த உலோகம், எத்தனை கேஜ் (தகட்டின் கன அளவு; எண் கூடினால் கனம் குறையும்), மொத்த எடை என்ன என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தர வேண்டும். ராடால் பின்னால் வரும் தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி சுவரில் இருக்கிறது.

ஒரு இன்ச் விட்டமுள்ள 18 கேஜ் பித்தளைக் குழாயின் தகட்டுக் கனம் சுமார் 1.2 மி.மீ. அதில் 6 அடித் துண்டு ஏறத்தாழ 1 கிலோ 440 கிராம் நிற்கும். அதே விட்டம், அதே பளபளப்பில் 22 கேஜ் என்றால் கனம் 0.7 மி.மீ., எடை 850 கிராம்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தராசுக்கு அல்ல. 22 கேஜை வாங்கவே கூடாது என்பதில்லை. சமையலறையின் 3 அடிச் சன்னலுக்கு அது தாராளம். 18 கேஜ் விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் பூசிய முலாம். ஒட்டவில்லை என்பதால் பித்தளை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பெரும்பாலும் ஒட்டாது. வெட்டிய வாயைப் பாருங்கள். உள்ளும் புறமும் நடுத் தகடும் ஒரே மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளை தெரிந்தால் மேல்பூச்சு. கண்ணெதிரே வெட்டி வாங்குவதில் உள்ள பெரிய லாபமே இதுதான். ராடு அசல் பித்தளையாக இருந்தும் பிராக்கெட்டும் குமிழும் துத்தநாக வார்ப்பாக இருப்பது சகஜம். முதலில் மரை தேய்வது அவற்றில்தான். ஜாம்நகர் சரக்கு, மொராதாபாத் சரக்கு என்பார்கள். ஊர்ப்பெயர் கனத்தைச் சொல்லாது.

அளவு எடுப்பதில் சிக்கல் குறைவு. சன்னல் திறப்போடு இருபுறமும் 6 இன்ச் சேருங்கள்: 4 அடிச் சன்னலுக்கு 5 அடி ராடு. குமிழ் நீளம் தனிக் கணக்கு. பக்கச் சுவர் நெருக்கமாக இருந்தால் குமிழை விட்டுவிட்டு, சுவரில் பதியும் கப் கேளுங்கள். கொசுவலைக் கதவு உள்பக்கம் திறக்கும் வீடுகளில் அதைத் திறந்து பார்த்த பிறகுதான் உயரத்தைக் குறிக்க வேண்டும். இதை மறந்தால் கதவு ராடில் இடிக்கும்.

பித்தளை பார்க்கக் கம்பீரமானது, ஆனால் விறைப்பில் இரும்பில் பாதிதான். ராடு தொய்வதற்குக் காரணம் பெரும்பாலும் நீளம். துணியின் எடை மாறாமல், 5 அடி இடைவெளியை 8 அடி ஆக்கினால் தொய்வு 4 மடங்காகும். அதே கேஜில் முக்கால் இன்ச் குழாய்க்குப் பதில் ஒரு இன்ச் போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். வெளிச்சம் புகாத கனத்த பிளாக்அவுட் துணிக்கு 6 அடியைத் தாண்டினால் நடு பிராக்கெட் கட்டாயம். ஐலெட் துணி, அதாவது ராடு நுழையும் உலோக வளையங்கள் பதித்த துணி, நடு பிராக்கெட்டைத் தாண்டி ஓடாது. ஆகவே இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டாகத் தைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஐலெட் இரட்டைப் படையில் இருந்தால்தான் இரு ஓரமும் சுவரைப் பார்த்து மடியும். ராடில் ஒட்டுப் போட நேர்ந்தால் ஒட்டு பிராக்கெட்டின் மேலேயே விழ வேண்டும்.

இனி சுவர். ராடு கீழே விழுந்தால் ராடைத் திட்டுகிறோம். பிடுங்கிக்கொண்டு வருவது பிராக்கெட்டின் இரண்டு ஸ்க்ரூக்களில் மேலே உள்ளது. பிராக்கெட் சுவரிலிருந்து மூன்றரை இன்ச் நீண்டு, இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் இடையே ஒன்றரை இன்ச்தான் இருந்தால், கீழே இழுக்கும் பாரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான விசை மேலே உள்ள ஸ்க்ரூவை வெளியே இழுக்கும். ஒரு குழந்தை திரையைப் பிடித்து 20 கிலோ அளவுக்குத் தொங்கினால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் கூட வரும் ஒரு இன்ச் ஸ்க்ரூவைத் தூர வையுங்கள். சுவர்ப் பூச்சே அரை இன்ச்சுக்கு மேல் இருக்கும்போது, அது செங்கல்லைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. 8 மி.மீ. டிரில் பிட், 8 மி.மீ. பிளக், 2 இன்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். பிட்டில் 60 மி.மீ. ஆழத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டு, பூச்சைத் தாண்டும்வரை டிரில்லின் ஹேமரை (இடித்துத் துளைக்கும் வசதியை) போடாமல் துளையுங்கள். துளைத் தூசியை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால் அது தூசியோடு சேர்ந்து சுழலும்.

தூசியின் நிறமே சுவரைச் சொல்லிவிடும். சிவப்பு என்றால் செங்கல், கவலையில்லை. சாம்பல் நிறத்தில் மெதுவாக இறங்கினால் லிண்டல், அதாவது சன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் உத்தரம். அங்கே பிடிப்பு உறுதி, ஆனால் பிட் கம்பியில் முட்டி நின்றுவிடலாம். நின்றால் அழுத்தாதீர்கள், ஒரு இன்ச் மேலே நகருங்கள். அதனால்தான் லிண்டலில் ஒரு துளை இறங்கிய பிறகே மற்றவற்றைக் குறிக்க வேண்டும். சாம்பல் தூசி வந்துகொண்டிருக்கும்போதே பிட் சட்டென்று உள்ளே பாய்ந்தால் அது ஹாலோ பிளாக். உள்ளே வெற்றிடம், சாதாரண பிளக் அங்கே பிடிக்காது. உள்ளே விரியும் ஆங்கர் போட வேண்டும். இல்லையென்றால், சன்னல் அகலத்துக்கு 3 இன்ச் தேக்கு ரீப்பரை (மரச்சட்டத்தை) நாலைந்து இடத்தில் ஆங்கர் போட்டு இறுக்கி, பிராக்கெட்டை அதன்மேல் அடிக்கலாம். பாரம் பல துளைகளுக்குப் பிரிவதால் எங்களுக்கு ரீப்பர்தான் பிடித்தமானது. களிமண்ணில் கருங்கல் அடுக்கிய பழைய வீடுகளுக்கும் இதே வழி. நம் ஊரில் சன்னலைச் சுற்றி கிரானைட் பட்டி பதிக்கும் வழக்கம் உண்டு. பிராக்கெட் அதன்மேல் வந்தால் ஹேமர் கூடவே கூடாது, ஓரம் பெயர்ந்துவிடும். வைர பிட், நீர் சொட்டவிட்டு, நிதானமாக.

ரசமட்டம் வைத்துத்தான் குறிக்க வேண்டும். ஆனால் லிண்டலே சாய்ந்திருக்கும் வீட்டில் மட்டமான ராடு கோணலாகத் தெரியும். அங்கே வீட்டுக்காரரைக் கேட்டு, பாதிக்குப் பாதி விட்டுக்கொடுப்பதே நல்லது. பிராக்கெட்டின் சிறிய பூட்டு ஸ்க்ரூவை ராடு நகராத அளவுக்கு இறுக்கினால் போதும். 22 கேஜ் குழாய் அதற்குள்ளேயே குழிந்துவிடும்.

வீட்டு விளக்கைத் தேய்ப்பதுபோல் ராடையும் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். லாக்கர் (நிறமற்ற காப்புப் பூச்சு) அடிக்காத ராடுக்குச் சரி, தேய்த்ததும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். லாக்கர் அடித்ததற்கு ஈரத் துணி மட்டும்தான்.

வளைவுச் சன்னலுக்குக் குழாயைச் சூடேற்றாமல் வளைத்து வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வளைத்த பித்தளையில் இழுவிசை தங்கிவிடும். அதன்மேல் அம்மோனியா பட்டால் விரிசல் விடும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் இப்படித்தான் விரிசல் விட்டன. காரணம் கால்நடை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா என்று 1921இல் விளக்கினார்கள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சன்னல்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். அங்கே வளைவு ராடு வேண்டுமென்றால், வளைத்த பிறகு சூடேற்றி ஆறவிட்டதா என்று கேட்டு, அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஸ்கிரீன் பொருத்தும் தொழிலாளர்கள்,
கிருஷ்ணகிரி