முதலில் எடை பாருங்கள்: முதியோர் வார்டைப் பற்றி மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும், முதியோர் வார்டின் மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், உணவுப் பிரிவுப் பொறுப்பாளருக்கும்,

வணக்கம்.

என் அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் எடை என்ற கட்டம் காலியாக இருக்கிறது. சேர்த்த அன்று எழுதிய கேஸ் ஷீட்டிலும் அது காலிதான். இடுப்பெலும்பு முறிவுக்கு நீங்கள் செய்த அறுவைச் சிகிச்சை நன்றாக அமைந்தது. அந்த நன்றி எங்கள் குடும்பத்துக்கு என்றும் உண்டு. ஆனால் விழுவதற்கு முன் 58 கிலோ இருந்தவர், வீட்டுக்கு வந்த மறுநாள் 52 கிலோதான் இருந்தார். எலும்பைச் சரிசெய்து அனுப்பினீர்கள், எழுந்து நிற்கத் தொடையில் சதை இல்லை.

மற்ற விவரங்கள் உங்களுக்குத் தெரியும். வார்டில் பேசினோம், எழுதியும் கொடுத்தோம். அதனால் சாப்பாட்டு வேளையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

அந்த நேரத்தில் உறவினர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. ஒரு நாள் நான் கிளம்பத் தாமதமானதால் நடப்பதைப் பார்க்க முடிந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கால்மாட்டில் இருந்த மேசையில் வைத்துவிட்டுப் போனார் ஊழியர். அப்பா மல்லாந்து படுத்திருந்தார், கை எட்டவில்லை. மேலே ஒட்டியிருந்த மூடியை அவர் விரல்களால் பிரிக்கவும் முடியாது. பல்செட்டு இழுப்பறைக்குள் டப்பாவில் கிடந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வேறொருவர் வந்து, மூடி பிரிக்காத தட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்றைய குறிப்பில் "உணவு வழங்கப்பட்டது" என்று இருந்தது. எவ்வளவு உள்ளே போனது என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

அந்த ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம், யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று கவனிப்பது எவருடைய வேலையும் இல்லை என்றாகிவிட்ட ஏற்பாட்டின் மேல்.

நான் கேட்பது இதுதான். உள்ளே வரும் ஒவ்வொரு முதியவருக்கும் அன்றே எடை பார்த்து எழுதுங்கள். பிறகு வாரம் ஒரு முறை பாருங்கள். ஒவ்வொரு வேளையும் எவ்வளவு சாப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஊட்டச்சத்துக் குறைவின் ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கண்டறியும், 2003 முதல் புழக்கத்தில் இருக்கும் 'மஸ்ட்' (MUST) கணக்கெடுப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தானாகவே 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தால், அது ஒன்றே போதும், அதிக ஆபத்து என்று அது சொல்லிவிடும். என் அப்பா இழந்தது 10 சதவீதத்துக்கும் மேல். முதியவர்களின் ஊட்டச்சத்து நிலையை மதிப்பிடும் 'எம்என்ஏ' (MNA) முறையின் சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள்தான், 14 மதிப்பெண்ணுக்கு 11 அல்லது அதற்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும். எடைக்கருவியில் நிற்க முடியாதவரை என்ன செய்வது என்கிறீர்களா? அந்த முறையில் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு, தெரியாதபோது கெண்டைக்கால் சுற்றளவை வைத்தே மதிப்பிடலாம், 31 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் எச்சரிக்கை. ஒரு அளவுநாடா போதும்.

"வயசானா இளைக்கத்தானே செய்யும்" என்று வார்டில் ஒருவர் சொன்னார். வயதோடு கொஞ்சம் தசை குறைவது உண்மைதான், ஆனால் சில வாரங்களில் ஆறு கிலோ போவது வயதால் அல்ல. படுக்கையில் கிடந்தாலே முதியவர்களின் கால் தசை வேகமாகக் கரையும். சாப்பாடும் இல்லையென்றால் புண் ஆறாது, படுக்கைப்புண் வரும், தொற்று எளிதில் பிடிக்கும், தேறி எழுந்தவர் மறுபடி விழுவார். முதியவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்குக் குறைந்தது ஒரு கிராம் புரதமாவது தினமும் வேண்டும், நோயில் இருப்பவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. அப்படிப்பட்டவருக்கு உப்பில்லாமல், சர்க்கரையில்லாமல், கொழுப்பில்லாமல் எல்லாக் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் போட்டு, வாயில் வைக்க முடியாத ஒன்றை ஏன் கொடுக்க வேண்டும்? சாப்பிடுவதையே குறைத்துவிடும் பத்தியத்தை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்வது மருத்துவ வழிகாட்டுதல்கள்தான், நான் அல்ல. ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொல்கிறீர்கள். ஸ்கேன் மறுநாளைக்குத் தள்ளிப்போகிறது. அந்த வேளைத் தட்டை யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை. இப்படி எத்தனை வேளை போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், ஐந்து நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்ற குறிப்பே இல்லாத வார்டில் அதை எப்படித் தவிர்ப்பீர்கள்?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். எடை பாருங்கள், சாப்பிட்ட அளவை எழுதுங்கள். அது குறையும்போது உணவியல் நிபுணரை அழையுங்கள். விழுங்கும்போது இருமுகிறாரா, பல்செட்டு தளர்ந்திருக்கிறதா, பசியைக் கெடுக்கும் மாத்திரை ஏதும் உண்டா, மனம் சோர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தில் ஒருவரை உள்ளே விடுங்கள். நிமிர்த்தி உட்காரவைக்கவும், மூடியைப் பிரிக்கவும், ஸ்பூனால் ஊட்டவும் நாங்கள் தயாராக இருக்கிறோம். உங்கள் ஊழியர்களின் சுமையும் அதில் கொஞ்சம் குறையும்.

அப்பா இப்போது வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறார். அவர் படுத்திருந்த கட்டிலில் இன்று வேறொருவர் இருப்பார். அவருடைய எடையை எழுதிவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வாரந்தோறும் எடை பார்க்கும் வழக்கம் எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்பதை வார்டின் அறிவிப்புப் பலகையில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் இருந்த ஒரு முதியவரின் மகள்