மூலிகை அல்ல, கறி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வளவில் தானாக முளைக்கும் செடிகொடிகளைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எந்த இலை எந்த நோயைத் தீர்க்கும் என்று ஒரு முழுப்பக்கம். அந்த இலையை எப்படி இனங்காண்பது, அடுப்பில் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி இல்லை. முசுட்டைக் கீரையை எங்கள் அம்மா ஒருநாளும் மூலிகை என்று சொன்னதில்லை. அவருக்கு அது மத்தியானச் சோற்றுக்கு வறை. மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் வருத்தக்காரர் மட்டும்தான் தேடுவார்.

முடக்கத்தான், கீழாநெல்லி என்று கட்டுரையாளர் எழுதுகிறார். இவை தமிழகத்தார் வழங்கும் பெயர்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் முடக்கொத்தான், கீழ்க்காய்நெல்லி. பெயரில் என்ன இருக்கிறது என்பவர் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கீரை விற்கும் ஆச்சியிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

கட்டுரையாளர் விட்டதைச் சொல்கிறேன். முசுட்டை வேலியில் படரும் கொடி. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிபோல் மினுங்கும், தடவினால் பட்டுப்போல் இருக்கும். இலைகளை அடுக்கிச் சுருட்டி, நூல் நூலாக அரிய வேண்டும். தடிப்பாக அரிந்தால் தொண்டையில் சொரசொரக்கும். துருவிய தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, கொஞ்சம் மஞ்சள் சேர்த்துப் பிசறித் தாச்சியில் மூடி வைத்தால் நிறம் மாறுவதற்குள் வெந்துவிடும்.

சாரணைக் கீரைக்கு எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. பூக்குமுன் பறித்து, அவித்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சமைப்பார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தொடக்கூடாது; இதைக் கட்டுரையாளர் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். பருப்புக்கீரை என்று நினைத்துப் பிடுங்கிய தண்டைக் கிள்ளினால் பால் வருகிறதா? அப்படியானால் அது பருப்புக்கீரை அல்ல, எறிந்துவிடுங்கள். வெங்காயத் தோட்டத்து வரம்பிலும் வீதியோர வாய்க்காலிலும் முளைத்ததை அம்மா திரும்பியும் பார்க்கமாட்டார். தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்பதே காரணம்.

1995 ஒக்ரோபர் யுத்த இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுக் கொடிகாமத்தில் ஒரு வளவில் ஒதுங்கினோம். மரக்கறி வாங்க வழியில்லை. மழை விழுந்து சில நாளில் கோடிப்புறம் முழுக்கச் சாரணை. அம்மா சுளகோடு போய்க் குந்திவிடுவார். அந்த வளவுக்காரப் பெண்மணி முதல்நாள் "ஆட்டுக்கோ?" என்று கேட்டார், மூன்றாம் நாள் தானும் கூட வந்து பிடுங்கினார்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று கட்டுரையாளர் முடிக்கிறார். பிள்ளைகளை ஏன் குறைசொல்ல வேண்டும்? வேலிக்கு நட்ட கிளுவங்கதியால்களைப் பிடுங்கி மதில் கட்டியது நாங்கள். முசுட்டையும் கொவ்வையும் சீமெந்தில் ஏறுமா? முற்றத்துக்குக் கல் பதித்து, மிச்ச மண்ணுக்குக் களைகொல்லி அடித்ததும் நாங்கள்தான்.

நானும் மதில் கட்டினேன். பின்பக்கம் மட்டும் பதினைந்து அடி வேலியை விடச் சொன்னபோது மேசன் சிரித்தார். இந்த மாரிக்கு அதில் முசுட்டை ஏறியிருக்கிறது. அடுத்த கட்டுரைக்குப் படம் வேண்டுமானால் கட்டுரையாளர் தாராளமாக வரலாம். மத்தியானம் வந்தால் சோறும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோண்டாவில்.