ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நம் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளின் ஆண்டுவிழாச் செய்திகளுக்கு நிறையவே இடம் கொடுத்திருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. ஊரில் இருக்கும் என் தங்கைக்கும் அனுப்பி வைத்தேன். ஆனால் அதில் வந்ததெல்லாம் கோயிலுக்குள் நடந்தவை. ஆராதனை முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகு நாம் எப்படி இருக்கிறோம் என்பதையும் உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

முக்கியமாக, வீட்டு வேலைக்கு நிற்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐராவதி டெல்டா கிராமங்களிலிருந்து, படிப்பு நின்ற கையோடு ரங்கூனுக்கு வந்து நம் வீடுகளிலேயே தங்கி வேலை செய்கிற பெண்பிள்ளைகள் இவர்கள். ஞாயிறு காலையில் குடும்பமே உடுத்திக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும். அந்தப் பிள்ளை மட்டும் அடுப்படியில் பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டு நிற்கும். கோயில் முடிந்து விருந்தாளிகள் வருவார்களே! அவர்கள் சாப்பிட்டுப் போனதும் பாத்திரம், அப்புறம் துணி, இரவில் பாட்டிக்குக் கால் பிடித்துவிடுவது. மற்ற ஆறு நாளும் இதே பாடுதான்.

ஓய்வுநாள் கட்டளை நமக்கு மனப்பாடம். ஆனால் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் அதை முழுதாக வாசித்துப் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் வேலை செய்யக் கூடாது என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு உண்டு என்று உபாகமம் சொல்கிறது. இந்தப் பகுதியை வைத்து யாராவது பிரசங்கம் செய்ய மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

சம்பள விஷயமும் அப்படித்தான். 2018இல் அரசு குறைந்தபட்ச நாள் கூலியை 4,800 கியாட் என்று நிர்ணயித்தபோது, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் நிற்கும் ஒரே ஒரு பிள்ளைக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. தகப்பன் கையில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, வருஷக் கணக்கில் பிள்ளையின் உழைப்பில் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெபக்கூட்டத்தில் கண்ணீர்விட்டு ஜெபிக்கிறவர்களும் அதில் உண்டு. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது இதைத்தான்.

நாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு, மண்டலேக்கும் சகாயிங்குக்கும் அனுப்ப அரிசியும் தார்ப்பாயும் வேண்டும் என்று எங்கள் சபையில் கேட்டபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தூரத்தில் இருப்பவருக்கு இளகுகிற மனசு, நம் அடுப்படியில் நிற்கிற பிள்ளைக்கும் இளக வேண்டாமா?

நல்லதும் நடக்கிறது, அதையும் எழுதுங்கள். எங்கள் தெருக்கோடியில் சபைப் பெரியவர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இங்கே சில்லறை அரிசியைப் பால் டப்பாவால் அளப்பது வழக்கம், எட்டு டப்பா சேர்ந்தால் ஒரு பியி என்கிற பர்மியப் படி. டப்பாவின் அடியை லேசாக உள்ளே தட்டிவிட்டால் ஒவ்வொரு அளவிலும் ஒரு பிடி மிச்சம், வாங்குகிறவருக்கு வெளியே தெரியாது. இவர் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அளப்பார். சற்று நசுங்கியிருந்தாலும் ஓரமாகப் போட்டுவிட்டு வேறு எடுப்பார். அரிசி விலை தாறுமாறாக ஏறிய நாட்களிலும் அதில் மாற்றமில்லை. பர்மியத் தாய்மார்கள் சின்னப் பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து அவர் கடைக்குத் தனியாக அனுப்புகிறார்கள். கடைச்சுவரில் வசனம் ஒன்றும் தொங்கவில்லை, அவர் யாரிடமும் மதம் பேசியும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் யாரைக் கும்பிடுகிறவர் என்பது தெருவுக்கே தெரியும்.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813இல் ரங்கூனுக்கு வந்தவர். 1819இல் அவர் பௌத்தர்களின் பகோடா கோயிலுக்குப் போகிற பாதை ஓரத்தில் வழிப்போக்கர்கள் இளைப்பாறும் சாவடி ஒன்றைக் கட்டி, அங்கே உட்கார்ந்துதான் போகிறவர் வருகிறவரோடு பேசினார். முதல் பர்மிய விசுவாசி ஞானஸ்நானம் பெற்றதும் அதே வருஷம்தான். இன்றைக்கும் நம் மாடிப்படியில் ஏறி இறங்குகிற பௌத்தரும் முஸ்லிமும் இந்துவும் நம் ஆண்டுவிழாவுக்கு வரப்போவதில்லை. அவர்கள் நம்மைப் பார்ப்பது கடையிலும் படிக்கட்டிலும் தண்ணீர்க் குழாயடியிலும்தான்.

எங்கள் வீட்டில் ஞாயிறு சாப்பாட்டைச் சனிக்கிழமையே நாங்கள் எல்லோருமாகச் செய்து வைத்துவிடுகிறோம். விருந்தாளி வந்தாலும் பழைய குழம்புதான், யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. பிள்ளைக்கு அன்று முழு ஓய்வு. சம்பளம் மாதாமாதம் அவள் கையில்.

மற்ற வீடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று வாசகர்களிடம் கேட்டு, அடுத்த இதழில் அரைப் பக்கமாவது போடுங்கள். சபைப் பெண்கள் ஐக்கியங்களும் இதைத் தங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேசட்டும். எங்கள் ஐக்கியத்தில் நான் எடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
தாம்வே, ரங்கூன்.